முடக்கு வாதத்தில் குருதிப் பிறபொருளெதிரிகள்

முடக்கு வாதத்தில் குருதிப் பிறபொருளெதிரிகள் என்பன, முடக்கு வாதம் என்னும் நாட்பட்ட மூட்டழற்சி நோய் கொண்டவர்களின் குருதியில் காணப்படும், உடலின் சொந்தப் புரதங்களுக்கு எதிராக உருவாகிய பிறபொருளெதிரிகள் ஆகும். இவற்றுள் முடக்குவாதக் காரணி, சிட்ருலினேற்றப் புரத எதிர்ப்பிகள் ஆகிய இரண்டும் மருத்துவத்தில் அன்றாடம் அளவிடப்படுகின்றன. நோயை இனங்காண்பதற்கும், அது எலும்பை அரிக்கும் கடுமையான வடிவம் எடுக்குமா என முன்னறிவதற்கும், நுரையீரல், குருதிக்குழல் முதலிய உறுப்புகளில் சிக்கல் தோன்றும் வாய்ப்பை மதிப்பிடுவதற்கும் இவை பயன்படுகின்றன. ஆனால், நோய் இன்று எந்த அளவுக்குத் தீவிரமாக உள்ளது என்பதை இவற்றின் அளவு சரியாகக் காட்டுவதில்லை. அதற்கு மூட்டுகளை நேரில் பரிசோதிப்பதும் அழற்சியைக் காட்டும் வேறு சோதனைகளும் தேவை. இவ்விரு பயன்பாடுகளையும் ஒன்றாகக் கருதுவதாலேயே சோதனை முடிவுகள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன.

பெயரும் நோயும்

தமிழில் 'வாதம்' என்னும் சொல் பல நோய்களைக் குறிக்கிறது. பக்கவாதம் மூளையின் குருதியோட்டம் தடைப்படுவதாலோ மூளைக்குள் குருதி கசிவதாலோ ஏற்படுவது. வாதக் காய்ச்சல் தொண்டையில் தொற்றும் ஒருவகைப் பாக்டீரியாவின் பின்விளைவாக வந்து இதய வால்வுகளைப் பாதிப்பது. வயது ஏற ஏறக் குருத்தெலும்பு தேய்வதால் வரும் மூட்டு வலி மற்றொன்று. முடக்கு வாதம் இவை மூன்றிலிருந்தும் வேறுபட்டது. இது நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களுள் ஒன்று. ஆய்வுக்கூடங்களில் மூட்டு வலிக்காகச் செய்யப்படும் ஏ.எஸ்.ஓ. சோதனை வாதக் காய்ச்சலுக்கு உரியது; முடக்கு வாதத்தை அறிய அது உதவாது.

முடக்கு வாதத்தில் மூட்டுகளின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய மூட்டுச் சவ்வு அழற்சியுற்றுத் தடிக்கிறது. இரு கைகளின் விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் ஒருங்கே வீங்குதல், காலையில் எழுந்ததும் கைகள் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ மடக்க இயலாமல் இறுகியிருத்தல் ஆகியன இதன் முதன்மை அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் அழற்சி குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்து விரல்களைக் கோணச் செய்யும். ஆண்களைவிடப் பெண்களிடம் இது இரண்டு முதல் மூன்று மடங்கு வரை மிகுதியாகக் காணப்படுகிறது. தில்லிக்கு அருகிலுள்ள கிராமப்புறத்தில் மாளவியா குழுவினர் நடத்தி 1993 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தோரிடையே இந்நோயின் பரவல் 0.75 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது.

வரலாறு

இந்நோய்க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1859 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஆல்பிரட் பேரிங் கேரட் இட்டார். அப்போது இது ஒரு தன்னெதிர்ப்பு நோய் என்பது அறியப்படவில்லை.

1940 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு மருத்துவர் எரிக் வாலர், முயலின் பிறபொருளெதிரி பூசப்பட்ட செம்மறி ஆட்டுச் செங்குருதியணுக்களை ஒரு நோயாளியின் சீரம் திரளச் செய்வதைக் கண்டறிந்து வெளியிட்டார். 1948 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஹாரி ரோஸ் குழுவினர் இதே நிகழ்வை மீண்டும் கண்டறிந்தனர். இருவர் பெயராலும் இச்சோதனை வாலர்-ரோஸ் சோதனை எனப்பட்டது. திரட்சிக்குக் காரணமான பொருளே பின்னர் முடக்குவாதக் காரணி எனப் பெயர் பெற்றது. 1956 ஆம் ஆண்டில் சிங்கர், பிளாட்ஸ் ஆகிய இருவரும் ஆட்டுக் குருதிக்கு மாற்றாக லேடக்சு மணிகளைப் பயன்படுத்தி எளிய சோதனை ஒன்றை உருவாக்கினர். சிறிய ஆய்வுக்கூடங்களிலும் இச்சோதனையைச் செய்ய இயன்றதால் இது உலகெங்கும் பரவியது.

இரண்டாவது வகைப் பிறபொருளெதிரியின் வரலாறு நெதர்லாந்தில் தொடங்குகிறது. 1964 ஆம் ஆண்டில் நீன்ஹூயிஸ், மாண்டெமா ஆகியோர், கன்னத்தின் உட்புற உயிரணுக்களில் உட்கருவைச் சூழ்ந்துள்ள துகள்களுடன் நோயாளிகளின் சீரம் இணைவதைக் கண்டனர். 1979 ஆம் ஆண்டில் எலியின் உணவுக்குழாய்த் திசுவுடன் இணையும் பிறபொருளெதிரி ஒன்று கண்டறியப்பட்டது. இவ்விரண்டும் தாக்குவது ஃபிலாக்ரின் என்னும் தோல் புரதத்தையே என்பது 1990களில் தெளிவாயிற்று. ஆயினும் மூட்டில் ஃபிலாக்ரின் இல்லை. தோல் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி மூட்டு நோயில் ஏன் தோன்றுகிறது என்பது புதிராகவே இருந்தது. 1998 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஷெல்லெகென்ஸ், வான் வென்ரூய் குழுவினர் இப்புதிரை விடுவித்தனர். இப்பிறபொருளெதிரிகளின் உண்மையான இலக்கு ஃபிலாக்ரின் அன்று. அதில் உள்ள சிட்ருலின் என்னும் மாற்றமுற்ற அமினோ அமிலமே ஆகும். வளைய வடிவில் செயற்கையாக அமைக்கப்பட்ட சிட்ருலின் பெப்டைடுகளைக் கொண்டு சி.சி.பி. சோதனை உருவாயிற்று. 2002 ஆம் ஆண்டளவில் வந்த அதன் இரண்டாம் தலைமுறை வடிவம் நடைமுறையில் நிலைபெற்றது.

முதன்மையான பிறபொருளெதிரிகள்

முடக்குவாதக் காரணி

இது பிறபொருளெதிரியையே தாக்கும் பிறபொருளெதிரி ஆகும். 'ஒய்' எழுத்து வடிவிலான ஐ.ஜி.ஜி. மூலக்கூறின் தண்டுப் பகுதியுடன் இது இணைகிறது. பெரும்பாலும் ஐ.ஜி.எம். வகையைச் சார்ந்தது, ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.ஜி. வகைகளும் உள்ளன. ஆய்வுக்கூடச் சீட்டுகளில் இது 'ஆர்.ஏ. ஃபேக்டர்' எனக் குறிக்கப்படுகிறது. உடலில் நீண்டநாள் தொற்று இருக்கும்போது, நோய்க்கிருமியும் பிறபொருளெதிரியும் இணைந்த கூட்டுப்பொருள்களை அகற்ற நலமுள்ளவர்களின் உடலும் இதனைச் சிறிதளவு உருவாக்குவதுண்டு. ஆகவே இது முடக்கு வாதத்துக்கு மட்டும் உரியதன்று.

சிட்ருலினேற்றப் புரத எதிர்ப்பிகள்

மரபுக்குறியீடு நேரடியாகக் குறிக்கும் 20 அமினோ அமிலங்களுள் சிட்ருலின் இல்லை. தர்ப்பூசணியின் இலத்தீன் பெயரிலிருந்து இதற்குப் பெயர் வந்தது. இது முதலில் அப்பழத்திலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. பெப்டிடைல் அர்ஜினின் டீஇமினேஸ் என்னும் நொதி, புரதத்தில் ஏற்கெனவே உள்ள அர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றுகிறது. இம்மாற்றத்தால் நேர்மின் சுமை நீங்கிப் புரதத்தின் வடிவம் மாறுகிறது. அழற்சியுற்ற எந்தத் திசுவிலும் இது நிகழலாம். ஆனால் மாறிய புரதத்தை அயற்பொருளாகக் கருதிப் பிறபொருளெதிரி உருவாவதே முடக்கு வாதத்தின் தனிப்பண்பு. விமென்டின், ஃபைப்ரினோஜன், ஈனோலேஸ், இரண்டாம் வகைக் கொலாஜன் ஆகியவற்றின் சிட்ருலினேற்ற வடிவங்கள் இவற்றின் இலக்குகளாகும். சி.சி.பி. சோதனை இவ்வகைப் பிறபொருளெதிரிகளை ஒட்டுமொத்தமாக அளவிடுகிறது.

பிற

லைசின் என்னும் அமினோ அமிலம் மாற்றமுற்ற புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் 2011 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்களால் விவரிக்கப்பட்டன. இவை கார்பமைலேற்றப் புரத எதிர்ப்பிகள் எனப்படும். மேற்கூறிய இரு சோதனைகளிலும் எதிர்மறை முடிவு பெற்ற சிலரிடமும் இவை காணப்படுகின்றன. சிட்ருலினை உருவாக்கும் நொதிக்கே எதிரான பிறபொருளெதிரிகளும் சிலரிடம் உண்டு. இவ்விரண்டும் இன்னும் பெருமளவில் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

தோன்றும் முறை

இப்பிறபொருளெதிரிகள் மூட்டில்தான் முதலில் தோன்றுகின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நுரையீரல், ஈறு போன்ற சளிச்சவ்வுப் பரப்புகளில் தொடங்குகின்றன என்னும் கருத்து வலுப்பெற்றுள்ளது. எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி1 என்னும் மரபணுவின் சில வடிவங்களில் பொதுவான ஒரு சிறு பகுதி இருப்பதை 1987 ஆம் ஆண்டில் கிரெகர்சன் குழுவினர் சுட்டிக்காட்டினர். இப்பகுதி உடையவர்கள் புகைபிடித்தால் சிட்ருலினேற்றப் புரத எதிர்ப்பிகள் கொண்ட முடக்கு வாதம் வரும் வாய்ப்பு பெரிதும் உயர்கிறது என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வுகள் காட்டின. ஈறு நோயை உண்டாக்கும் போர்பிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்னும் பாக்டீரியா தானே சிட்ருலினை உருவாக்கும் நொதி ஒன்றைக் கொண்டிருப்பதால் அதன் பங்கும் ஆராயப்படுகிறது.

இந்தியப் பெண்களில் புகைபிடிப்போர் மிகக் குறைவு. ஆயினும் இந்நோய் அவர்களிடம் பரவலாக உள்ளதால் புகையிலைப் புகை ஒன்றே காரணமாக இருக்க இயலாது. கல்தூசியை மூச்சில் இழுக்கும் தொழில்களுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு அறியப்பட்டுள்ளது. மலேசியப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, நெசவாலைத் தூசிக்கும் முடக்கு வாதத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது.

நோயறிதலில் பங்கு

அமெரிக்க முடக்குவாதவியல் கல்லூரியின் 1987 ஆம் ஆண்டு வகைப்பாட்டில் ஏழு அளவைகள் இருந்தன. அவற்றுள் குருதிச் சோதனை முடக்குவாதக் காரணி ஒன்றே. எலும்பு அரிப்பும் தோலடிக் கணுக்களும் அதில் இடம்பெற்றதால், நோய் முற்றிய பின்னரே அது பலருக்குப் பொருந்தியது. அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் இணைந்து 2010 ஆம் ஆண்டில் புதிய அளவைகளை வெளியிட்டன. குறைந்தது ஒரு மூட்டிலாவது வீக்கம் உள்ளவருக்கு, அதற்கு வேறு காரணம் இல்லை என்றால், கீழ்க்காணுமாறு மதிப்பெண் இடப்படுகிறது.

- பாதிக்கப்பட்ட மூட்டுகளின் எண்ணிக்கையும் வகையும்: 0 முதல் 5 வரை
- பிறபொருளெதிரிகள்: இரண்டும் இல்லையெனில் 0, ஏதேனும் ஒன்று குறைந்த அளவில் இருப்பின் 2, இயல்பின் உயர் எல்லையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருப்பின் 3
- செங்குருதியணு படிவு வீதம் அல்லது சி-எதிர்வினைப் புரதம் உயர்ந்திருப்பின்: 1
- அறிகுறிகள் ஆறு வாரமோ அதற்கு மேலோ நீடித்திருப்பின்: 1

மொத்தம் 10 மதிப்பெண்களில் 6 அல்லது அதற்கு மேல் பெற்றவர் முடக்கு வாதம் உடையவராக வகைப்படுத்தப்படுகிறார். பிறபொருளெதிரி இல்லாதவரும் மூட்டுகள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்தால் 6 மதிப்பெண்களைத் தாண்ட இயலும். அதேபோல், பிறபொருளெதிரி மட்டும் மிக உயர்ந்து மூட்டு வீக்கம் இல்லாதவருக்கு இவ்வளவை பொருந்தவே பொருந்தாது.

முடிவுகளைப் பொருள்கொள்ளல்

ஒரு சோதனையின் உணர்திறன் என்பது நோயுள்ளவர்களில் எத்தனை பேரை அது கண்டுபிடிக்கிறது என்பதும், தனித்தன்மை என்பது நோயற்றவர்களில் எத்தனை பேரைச் சரியாக விலக்குகிறது என்பதும் ஆகும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2007 ஆம் ஆண்டில் வெளியான பகுப்பாய்வின்படி முடக்குவாதக் காரணியின் உணர்திறன் 69 விழுக்காடு, தனித்தன்மை 85 விழுக்காடு. சி.சி.பி. சோதனைக்கு இவை முறையே 67, 95 விழுக்காடு. இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையிலான நோயாளிகளைக் கண்டறிகின்றன. நோயற்றவரை நோயாளி எனக் காட்டும் தவறு சி.சி.பி. சோதனையில் மிகக் குறைவு.

இவ்வெண்களின் பொருளை ஒரு கணக்கு விளக்கும். 0.75 விழுக்காடு பரவல் உள்ள இடத்தில் 10,000 பேருக்கு வேறுபாடின்றிச் சோதனை செய்யப்படுவதாகக் கொள்வோம். அவர்களில் 75 பேர் நோயாளிகள். முடக்குவாதக் காரணிச் சோதனை அவர்களில் ஏறத்தாழ 52 பேரைக் கண்டுபிடிக்கும். நோயற்ற 9,925 பேரில் 15 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 1,489 பேர், தவறாக நேர்மறை முடிவு பெறுவர். நேர்மறை முடிவு பெற்ற மொத்தம் 1,541 பேரில் 52 பேருக்கே, அதாவது 100க்கு மூவர் அல்லது நால்வருக்கே நோய் இருக்கும். சி.சி.பி. சோதனையிலும் இது 100க்கு ஒன்பது பேர் என்ற அளவிலேயே அமையும். மாறாக, விரல் மூட்டுகள் வீங்கி நோய்க்குச் சரிபாதி வாய்ப்பு உள்ளவர்கள் 1,000 பேருக்குச் செய்தால், முடக்குவாதக் காரணி நேர்மறையானோரில் 82 விழுக்காட்டினருக்கும், சி.சி.பி. நேர்மறையானோரில் 93 விழுக்காட்டினருக்கும் நோய் இருக்கும். சோதனை மாறவில்லை, யாருக்குச் செய்யப்படுகிறது என்பதே மாறியுள்ளது. மூட்டு வீக்கம் இல்லாதவர்களுக்கு முழுவுடல் பரிசோதனைத் தொகுப்பின் பகுதியாக இதனைச் செய்வதால் பெரும்பாலும் அச்சமே விளைகிறது.

முடக்குவாதக் காரணி உயரக்கூடிய பிற நிலைகள் வருமாறு: சோக்ரன் நோய், கல்லீரல் அழற்சி சி, இதய உள்ளுறை அழற்சி, காசநோய், தொழுநோய், முதுமை. காசநோயாளிகள் சிலரிடம் சி.சி.பி. சோதனையும் நேர்மறையாவதுண்டு. ஆனால் அவர்களில் பலருடைய பிறபொருளெதிரிகள் சிட்ருலின் அல்லாத இயல்பான பெப்டைடுடனும் இணைகின்றன. காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில் இது கருத்திற்கொள்ளத்தக்கது.

சிக்குன்குனியாவும் இவ்வகையில் குழப்பம் விளைவிப்பது. சென்னையில் 1964 ஆம் ஆண்டிலும், தமிழகம் முழுவதும் 2006 ஆம் ஆண்டிலும் இது பெருமளவில் பரவியது. காய்ச்சல் தணிந்த பின்னும் பலருக்கு இரு கை மூட்டுகளிலும் வலியும் வீக்கமும் மாதக்கணக்கில் நீடித்தன. இத்தகையோரில் பெரும்பாலோருக்கு இரு பிறபொருளெதிரிகளும் காணப்படுவதில்லை. சி.சி.பி. அளவு உயர்ந்திருந்து வீக்கமும் நீடித்தால் முடக்கு வாதம் தொடங்கியிருக்கக்கூடும் என்று கருதிச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவது தேவையாகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை எதிர்மறை முடிவே பெறுகின்றனர். 'ஆர்.ஏ. நெகட்டிவ்' என்ற ஒரு வரியைக் கொண்டு அவர்களுக்கு இந்நோய் இல்லை எனக் கூறி வலிநீக்கி மாத்திரைகளோடு அனுப்பிவிட்டால், எலும்பு அரிப்பைத் தடுக்கக்கூடிய தொடக்க மாதங்கள் வீணாகின்றன.

நோய்த் தீவிரமும் பிறபொருளெதிரிகளும்

நோய்த் தீவிரம் என்பது அழற்சி இப்போது எவ்வளவு உள்ளது என்பதாகும். இதனை அளவிட 28 மூட்டுகள் அழுத்திப் பார்க்கப்படுகின்றன: தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் ஆகியவை இருபுறமும் எட்டு; கைவிரல்களின் அடி மூட்டுகள் பத்து; நடு மூட்டுகள், கட்டைவிரலின் மூட்டு உட்பட, பத்து. வலியுள்ள மூட்டுகள், வீங்கிய மூட்டுகள், செங்குருதியணு படிவு வீதம் அல்லது சி-எதிர்வினைப் புரதம், நோயாளியின் சொந்த மதிப்பீடு ஆகிய நான்கையும் கணக்கிட்டு டி.ஏ.எஸ்.28 என்னும் எண் பெறப்படுகிறது. இது 2.6க்குக் கீழ் இருப்பின் நோய் தணிந்த நிலை, 5.1க்கு மேல் இருப்பின் மிகுந்த தீவிரம். குருதிச் சோதனையே தேவைப்படாத சி.டி.ஏ.ஐ. என்னும் அளவையும் உண்டு. அதில் மருத்துவரின் மதிப்பீடும் சேர்க்கப்படுகிறது. 0 முதல் 76 வரையுள்ள இவ்வளவையில் 2.8 வரை தணிந்த நிலை, 22க்கு மேல் மிகுந்த தீவிரம். இவ்விரு அளவைகளிலும் முடக்குவாதக் காரணிக்கோ சி.சி.பி. எண்ணுக்கோ இடமில்லை.

இதற்குக் காரணம் உண்டு. பிறபொருளெதிரிகளை நீண்டநாள் வாழும் பிளாசுமா உயிரணுக்கள் உற்பத்தி செய்கின்றன. மருந்தால் மூட்டு வீக்கம் முற்றும் வடிந்த பின்னும் அவை எலும்பு மச்சையில் இருந்துகொண்டு உற்பத்தியைத் தொடரும். சிகிச்சையின்போது முடக்குவாதக் காரணியின் அளவு ஓரளவு குறைவதுண்டு. சிட்ருலினேற்றப் புரத எதிர்ப்பிகள் அவ்வளவாகக் குறைவதில்லை. குறைந்தாலும் நோயின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துச் செல்வதில்லை. எனவே ஒருமுறை தெளிவாக நேர்மறையான சோதனையை மாதந்தோறும் மீண்டும் செய்வதால் பயனில்லை. சி.சி.பி. எண் குறையவில்லை என்பதற்காக நலமடைந்த நோயாளியின் மருந்தைக் கூட்டுவதும், எண் குறைவாக உள்ளது என்பதற்காக வீங்கிய மூட்டைப் புறக்கணிப்பதும் ஒருபோலத் தவறாகும்.

அழற்சிச் சோதனைகளுக்கும் வரம்பு உண்டு. குருதிச்சோகை இருந்தால் செங்குருதியணு படிவு வீதம் தானே உயரும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். ஆதலால் அவர்களிடம் இவ்வெண்ணைத் தனியாக நம்ப இயலாது.

சிக்கல்களும் பிறபொருளெதிரிகளும்

நோயின் எதிர்காலப் போக்கை முன்னறிவதிலேயே பிறபொருளெதிரிகள் மிகுந்த பயன் தருகின்றன.

- எலும்பு அரிப்பு: இரு பிறபொருளெதிரிகளும் உயர்ந்த அளவில் உள்ளவர்களுக்கு எலும்பு விரைவாக அரிக்கப்படுகிறது. சிட்ருலினேற்றப் புரத எதிர்ப்பிகள் ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும், எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களின் வளர்ச்சியைத் தூண்டக்கூடும் என்பது 2012 ஆம் ஆண்டில் ஆய்வகச் சான்றுகளுடன் காட்டப்பட்டது.
- முடக்குவாதக் கணுக்கள்: முழங்கைப் புறம் போன்ற இடங்களில் தோலடியில் தோன்றும் இக்கட்டிகள் பெரும்பாலும் முடக்குவாதக் காரணி உள்ளவர்களிடமே காணப்படுகின்றன.
- நுரையீரல் இடைத்திசு நோய்: நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அறிகுறிகளுடன் வெளிப்படும் இந்நோய், உயிரிழப்புக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. பிறபொருளெதிரிகள் உயர்ந்த அளவில் இருத்தல், புகைபிடித்தல், முதுமை, ஆண்பால் ஆகியன வாய்ப்பைக் கூட்டுகின்றன. இத்தகையோரிடம் தோன்றும் வறட்டு இருமலையும் மூச்சுத் திணறலையும் எளிதாகக் கருதலாகாது.
- குருதிக்குழல் அழற்சி: மிக உயர்ந்த முடக்குவாதக் காரணியுடன் நிரப்புப் புரதங்கள் குறைந்து காணப்படும். காலில் ஆறாத புண், விரல் நுனி கறுத்தல், பாதத்தைத் தூக்க இயலாமை ஆகியவற்றை உண்டாக்கும். நல்ல சிகிச்சைகள் வந்த பின் இது அரிதாகியுள்ளது.
- ஃபெல்டி நோய்க்கூட்டு: மண்ணீரல் வீக்கமும் நியூட்ரோபில் வெள்ளையணுக் குறைவும் சேர்ந்தது. நோயாளிகள் பெரும்பாலும் உயர்ந்த முடக்குவாதக் காரணி உடையவர்கள். அடிக்கடி தொற்றுகளுக்கு ஆளாவர்.
- கண், வாய் உலர்தல்: சோக்ரன் நோயும் சேர்ந்துள்ளவர்களிடம் 'ரோ' என்னும் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருக்கலாம். கருவுற்ற தாயிடம் இவை இருப்பின் ஏறத்தாழ 100க்கு ஓரிரு கருவில் இதயத் துடிப்புத் தடை ஏற்படுகிறது. ஆகவே கருத்தரிக்கும் முன்பே இதனை அறிந்துகொள்வது நன்று.
- இதயக் குருதிக்குழல் நோய்: ஐரோப்பியப் பரிந்துரைகள் முதலில் பிறபொருளெதிரி உள்ளமை முதலிய நிபந்தனைகளுடன் மட்டும் நோயாளியின் இதய நோய் வாய்ப்பை 1.5 ஆல் பெருக்கச் சொல்லின. பின்னர் வந்த திருத்தம் இதனை எல்லா முடக்குவாத நோயாளிகளுக்கும் விரித்தது.

சிகிச்சைத் தேர்வில்

பிறபொருளெதிரி இருப்பினும் இல்லையெனினும் முதல் மருந்து பெரும்பாலும் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட்டே ஆகும். நாள்தோறும் உட்கொண்டால் இம்மருந்து உயிருக்கே ஆபத்தாகும். இதனால் கட்டுப்படாத நிலையில், உயர்ந்த பிறபொருளெதிரி அளவு அடுத்த நிலை மருந்துக்கு விரைந்து செல்லக் காரணமாகிறது. பி உயிரணுக்களை அழிக்கும் ரிடுக்சிமாப் பிறபொருளெதிரி உள்ளவர்களிடம் கூடுதல் பலன் தருகிறது. நோய் தணிந்த பின் மருந்தைக் குறைக்கும்போது, சிட்ருலினேற்றப் புரத எதிர்ப்பிகள் உள்ளவர்களுக்கு நோய் மீளும் வாய்ப்பு மிகுதி. ஆகவே படிப்படியாகவும் கண்காணிப்புடனும் குறைக்க வேண்டும்.

நோய் தோன்றும் முன்

இப்பிறபொருளெதிரிகள் மூட்டு வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே குருதியில் தோன்றுகின்றன. நெதர்லாந்தில் குருதிக்கொடை அளித்துப் பின்னாளில் முடக்கு வாதம் வந்த 79 பேரின் சேமிக்கப்பட்ட பழைய குருதியைச் சோதித்து 2004 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 49 விழுக்காட்டினரிடம் அறிகுறிகளுக்கு முன்பே ஒன்றோ இரண்டுமோ இருந்தன. அவை தோன்றிய காலத்தின் இடைநிலை, நோய் தொடங்குவதற்கு 4.5 ஆண்டுகள் முன். பிறபொருளெதிரியும் மூட்டு வலியும் இருந்து வீக்கம் இன்னும் தோன்றாதவர்களுக்கு அபாட்டாசெப்ட் மருந்தளித்த இரண்டு ஐரோப்பிய ஆய்வுகள் 2024 ஆம் ஆண்டில் வெளியாயின. மருந்து நோயின் தொடக்கத்தைத் தள்ளிப்போட்டது. நிறுத்திய பின் அப்பயன் படிப்படியாகக் குறைந்தது. பிறபொருளெதிரி உள்ள அனைவருக்கும் நோய் வருவதில்லை என்பதால், அறிகுறியற்றோருக்கு மருந்தளிப்பது நடைமுறைக்கு வரவில்லை. புகையிலையைக் கைவிடுவதும் வீக்கம் தோன்றியவுடன் மருத்துவரை அணுகுவதுமே அவர்களுக்கு உரிய அறிவுரை.

சென்னையில்

சென்னை மருத்துவக் கல்லூரியும் அதனைச் சார்ந்த இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் முடக்குவாதவியலுக்குத் தனித்துறை கொண்டவை. தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இத்துறை உள்ளது.

நகரின் தென்மேற்கில் அமைந்த கே.கே. நகர், அதாவது கலைஞர் கருணாநிதி நகர், இந்நோயின் இரு முனைகளையும் ஒருங்கே காட்டும் பகுதியாகும். இங்குள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தைச் சார்ந்தது. இதனுடன் இணைந்த மருத்துவக் கல்லூரியில் 2013 ஆம் ஆண்டில் இளநிலை மருத்துவப் படிப்பு தொடங்கியது. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கான மாத ஊதிய வரம்பு 2017 சனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தகைய மருத்துவமனைகளை நாடுவோர் ஆலைகளிலும் கடைகளிலும் கைகளால் உழைத்து வாழும் தொழிலாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும் ஆவர். தையல் எந்திரத்திலோ பொருத்துமேடையிலோ வேலை செய்பவருக்கு விரல் மூட்டு முடங்குவது வருவாயை இழப்பதாகும். அவர்களுக்கு முதல் சில மாதங்களில் நோயை அறிந்து மருந்து தொடங்குவதன் மதிப்பு மிகப் பெரிது.

அதே கே.கே. நகரில் தமிழக அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையமும் உள்ளது. செயற்கை உறுப்புகள், தாங்குபட்டைகள், உடற்பயிற்சி மருத்துவம் ஆகியவை இத்தகைய நிலையத்தின் பணிகள். கோணிய விரல்களுக்குத் தாங்குபட்டை அமைப்பதும், எஞ்சிய அசைவைக் கொண்டு அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குவதும் முடக்குவாதச் சிகிச்சையின் கடைசிப் படிகளாகும். பிறபொருளெதிரிச் சோதனையின் பயன், கடுமையான நோய் வரக்கூடியவர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு, அக்கடைசிப் படிகளுக்குச் செல்லும் தேவையைக் குறைப்பதில் உள்ளது.